காது இரைச்சலுக்காக உன்னை மன்னிக்கிறேன்

லெஷான்,
நிலா விழாவுக்கு முந்தைய வாரம்.

சோங்சிங் நகரில் மகன் வீட்டில் குறையில்லாமல் வாழும் என் தங்கை யென் பியூவுக்கு, அக்கா யென் பிஜென் ஆசியோடு எழுதுவது. உன் மூட்டுவலி, உன் வீட்டுக்காரர் இருமல், பேரன் படிப்பு எல்லாம் எப்படி இருக்கின்றன என்று கேட்பது முறை. ஆகவே கேட்டுவிட்டேன். இங்கே என் கண், பல், முழங்கால், வலது காது எல்லாம் சௌக்கியம். இடது காதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோனாலும் போகும். அம்மாவின் ஊறுகாய் ஜாடியை நீ தூக்கிக்கொண்டு போனதை நான் மன்னித்துவிட்டேன். நான் மலைமேல் அம்மா சமாதியில் காகிதம் எரித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, ஜாடியைப் பஞ்சுப் போர்வையில் சுற்றிக் கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு படகேறினாயே, அதை மன்னித்துவிட்டேன். பாட்டி காலத்திலிருந்து மாற்றாத உப்புத் தண்ணீர், முள்ளங்கியைப் போட்டு எடுத்தால் பல்லில் நொறுங்கும், அப்படிப்பட்ட தண்ணீரை நீ ஒருத்தி மட்டும் கொண்டுபோனாய், மன்னித்துவிட்டேன். நான் சண்டை போட்ட பிறகு ஊர்க்காரர் கையில் ஒரு கிண்ணம் தண்ணீர் கொடுத்தனுப்பினாய். அந்தக் கிண்ணத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. உப்புத் தண்ணீரில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா? மேலே வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்து, என் ஜாடியே நாறி, படித்துறையில் கொண்டுபோய்க் கவிழ்த்தேன். அதையும் மன்னித்துவிட்டேன். எதற்காக மன்னித்தேன் என்பதுதான் இனி வருவது. எழுத்து கோணலாக இருக்கிறது, சில எழுத்துகள் பாதியில் நிற்கின்றன என்றால் என்னைக் குறை சொல்லாதே. பட்டு ஆலையின் மாலைப் பள்ளியில் எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்து தன் முதுகால் கரும்பலகையின் வலப்பக்கம் முழுவதையும் மறைத்தவள் பாங் ஷியூஹுவா. இன்றைக்கும் எனக்கு எல்லா எழுத்துக்கும் இடப்பக்கம்தான் ஒழுங்காகத் தெரியும். அந்த பாங் இப்போது என் எதிர்வீட்டில் இருக்கிறாள். அவளும் இந்தக் கதையில் வருவாள், வராமல் எங்கே போவாள்.

இந்த வருஷம் சமாதி துடைக்கும் நாளுக்குப் பிறகுதான் ஆரம்பித்தது. இடது காதுக்குள் கெட்டில் கொதிக்கும் சத்தம். கொதித்துப் பொங்கும் சத்தம் இல்லை, கொதிப்பதற்குச் சற்று முன்னால் ஈ என்று மெல்லியதாக ஒரு விசில் வருமே, அது. முதலில் நான் எழுந்து எழுந்து போய் அடுப்பை அணைத்தேன். அடுப்பில் கெட்டிலே இருக்காது. அப்புறம் காதுதான் கத்துகிறது என்று புரிந்து, நீ கத்து, நான் எழுந்திருக்க மாட்டேன் என்று அதோடு பேசிப் பழகிக்கொண்டேன். ஒரு நாள் காலையில் மொச்சை உரித்துக்கொண்டிருக்கிறேன், கெட்டில் கத்துகிறது, நானும் கத்து கத்து என்று சொல்லிக்கொண்டே உரிக்கிறேன், கத்திக் கத்தி ஓய்ந்தும் போயிற்று, பரவாயில்லை இன்றைக்குக் காது சொன்ன பேச்சுக் கேட்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அது நிஜக் கெட்டில். தண்ணீர் வற்றி, அடி சிவந்து, கைப்பிடி உருகி அடுப்பின்மேல் மிட்டாய் போல வழிந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுப் பாங் புகையைப் பார்த்துவிட்டு, என்னை வந்து கூப்பிடுவதற்குப் பதில் தன் முகம் கழுவும் தகரப் பேசினை எடுத்துக் கரண்டியால் அடித்து ஊரைக் கூட்டினாள். நான் மூஞ்சிக் கரியைக் கழுவுவதற்குள் செங்டூவில் இருக்கிற என் மகன் யோங்தாவுக்கு போன் போய்விட்டது. யார் போட்டார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவன் அன்று சாயங்காலமே காரில் வந்து நின்றான். உருகிய கெட்டிலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உன் அத்தான் போலவே அவனும் கோபத்தில் கத்த மாட்டான், தாழ்ந்த குரலில் பேசுவான், அதுதான் பயம்.

“அம்மா, நிலா விழா வரைக்கும் பாக்கறேன். காது சரியாகலன்னா வீட்டப் பூட்டிட்டு எங்களோட வந்துடணும். இதுக்கு மேல பேச்சில்ல.”

அவன் வீடு இருபத்தாறாவது மாடி. நான் எப்படிப் போவேன், நீயே சொல். எனக்கு வேண்டியவர்கள் முக்கால்வாசிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்கு ஆகாதவர்கள் எல்லாரும் இந்தச் சந்தில்தான் இருக்கிறார்கள். காலையில் எழுந்தால் யார் முகத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு வரிசையாகத் தெரியும். இந்த வயதில் புது ஊருக்குப் போய் முதலிலிருந்து யாரை வெறுத்துப் பழகுவது? ஆகவே காதைச் சரி பண்ணுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் ஆற்றங்கரைத் தேநீர்க் கடையில் காது குடைகிறவரிடம் போனேன். பழைய ஆள் இறந்துவிட்டார், இப்போது அவர் மருமகன். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இறகு, கரண்டி, கம்பி எல்லாம் விட்டுப் பார்த்தான். கடைசியில் அந்த இரண்டு கால் இரும்புக் கவையைத் தட்டிக் கம்பியில் வைத்தானே, காது முழுக்க ஙொய் என்று ஒரு இனிமை, கெட்டில் சத்தமே இல்லை. அப்படியே கண்ணை மூடிச் சொர்க்கத்தில் இருந்தேன். கவையை எடுத்தான், கெட்டில் வந்துவிட்டது, கூட ஒரு கெட்டிலையும் அழைத்துக்கொண்டு வந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை பாட்டி, கழுவி வைத்த கிண்ணம் மாதிரி இருக்கு என்றான். ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து சத்தம் மட்டும் எப்படி வருகிறது என்று கேட்டேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டான்.

பிறகு பெரிய ஆஸ்பத்திரி. கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்து, காதில் குமிழ்களை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்துங்கள் என்றார்கள். எனக்குச் சத்தம் எப்போது கேட்காமல் இருந்தது? அழுத்திய பட்டனை நான் விடவே இல்லை. வெளியே இருந்த பெண் தலையைச் சொறிந்துகொண்டு வந்து, இப்படி ஒரு காதை நான் பார்த்ததே இல்லை, நான் சத்தம் போடுவதற்கு முன்னாலேயே உங்களுக்குக் கேட்டுவிடுகிறதே என்றாள். மறுபடி நிதானமாகச் சோதித்து, வயதானால் சிலருக்கு வரும், கெட்ட வியாதி ஒன்றும் இல்லை, பழகிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கெட்ட வியாதி இல்லை என்றதில் எனக்கு நிம்மதிதான். ஆனால் யோங்தாவிடம் போய்ப் பழகிக்கொண்டேன் என்று சொன்னால் கெட்டிலைக் காட்டுவானே.

அதனால்தான் பாலத்தடி நாட்டு வைத்திய சாலைக்குப் போனேன். வெள்ளைத் தாடியும் சுருக்குப் பையுமாக ஒருவர் இருப்பார் என்று பார்த்தால், லான் என்று ஒரு பெண், நம் சின்னப் பேத்தி வயசுக்குக் கொஞ்சம் மேலே இருப்பாள், விளையாட்டுச் செருப்பும் அதுவுமாக. திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் மூன்று விரலை என் மணிக்கட்டில் வைத்துவிட்டாள். வைத்த விரலை எடுக்கவே இல்லை. இந்தக் கை, அந்தக் கை, நாக்கை நீட்டு, நாக்கைத் தூக்கு. சத்தம் கடல் அலை மாதிரி இரைகிறதா, சிள்வண்டு மாதிரி கத்துகிறதா என்று கேட்டாள். கெட்டில் மாதிரி என்றேன். சிள்வண்டு என்று எழுதிக்கொண்டாள். கோபம் வந்தால்? யோசித்துப் பார்த்தேன், பாங்கைப் பார்க்கும்போதெல்லாம் கெட்டில் போய் வெள்ளம் வந்த ஆறு மாதிரி இரைவது உண்மைதான். அப்படிச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். வண்டு சத்தம் குண்டிக்காய், அதாவது சிறுநீரகம், தளர்ந்ததால் வருவது, காது அதற்கு வாசல். அது வயதோடு வருகிற தளர்ச்சி, ஊட்டிச் சரிக்கட்டலாம். ஆற்றுச் சத்தம் ஈரல் சூடு மேலே ஏறுவதால். அது கோபத்தோடு வருவது, நீங்கள்தான் இறக்க வேண்டும் என்றாள். மிளகாய் கூடாது, உதடு மரக்கிற மிளகு கூடாது, கெட்டித் தேநீர் கூடாது, கோபம் கூடாது. இந்த ஊரில் பிறந்தவளிடம் மிளகாய் கூடாது என்கிறாள். வேறு என்ன மிச்சம் என்று கேட்டேன்.

“பாட்டி, சத்தம் மொத்தமா போயிடும்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா அது பொய். அது பாட்டுக்கு ஒரு மூலையில இருக்கும், நீங்க பாட்டுக்கு உங்க வேலையப் பாக்கலாம். அந்த அளவுக்குக் கொண்டு வரலாம்.”

பொய் சொல்லாத வைத்தியரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, அதனால் அங்கேயே நின்றுவிட்டேன். மண்சட்டி வாங்கினேன். கஷாயம் எப்படி இருந்தது என்று கேட்காதே, உன் மாமியார் கையால் சாப்பிட்டிருக்கிறாய் அல்லவா, அதைவிடக் கசப்பு. கருப்பு எள்ளும் அக்ரூட்டும் இடித்துத் தின்றேன், பன்றிக் குண்டிக்காய் சூப் வைத்தேன், செவ்வந்திப் பூத் தண்ணீர் குடித்தேன். படுக்கப் போகுமுன் சுடுதண்ணீரில் காலை வைத்து உட்கார்ந்தேன். தினமும் காலையில் இரண்டு உள்ளங்கையால் காதைப் பொத்திக்கொண்டு பின்மண்டையை விரலால் டம் டம் என்று தட்டச் சொன்னாள். பூங்காவில் அப்படி நின்று தட்டினேன். புதிதாக வந்த ஒரு ஆள் என்னைப் பைத்தியம் என்று நினைத்து வழிவிட்டு நடந்தான். பார்த்தால் நாலைந்து பேர் எனக்குப் பின்னால் வரிசையாக நின்று தட்டுகிறார்கள், என்ன வியாதிக்கு என்று ஒருத்தருக்கும் தெரியாது.

இனிதான் விஷயம். கஷாயச் சக்கையை நாம் குப்பையிலா போடுவோம்? அம்மா நம் காய்ச்சல்களையெல்லாம் படித்துறைப் பாதையில் கொட்டித்தானே போகிறவர் வருகிறவர் காலில் ஒட்டி அனுப்பினாள். நானும் கொட்டினேன். சந்து முனையில் கொட்டினால் துப்புரவுக்காரர் உடனே கூட்டிவிடுகிறார். நாலு பேர் மிதிக்கிற இடம் வேண்டுமே. விடிந்ததும் பாங் ஷியூஹுவா சதுக்கத்து நடனத்துக்கு விசிறியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள், அவள் வாசற்படிக்குக் கீழே ஒரு கல் இருக்கிறது, அதில் காலை வைக்காமல் இறங்க முடியாது. அந்தக் கல்லில் கொட்டினேன். வேண்டுமென்றா என்று கேட்டால், ஆமாம், வேண்டுமென்றுதான்.

பலன் உடனே தெரிந்தது. எனக்குத் தூக்கம் வந்தது. கெட்டில் சத்தம் கொஞ்சம் தள்ளிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கெட்டில் போல் ஆயிற்று. சந்தோஷத்தில் நான் அந்தக் கல்லில் சக்கையைப் பரப்பி வேறு வைத்தேன், ஒரு இடமும் விட்டுப்போகக் கூடாது என்று.

அடுத்தது காதில் விதை ஒட்டுவது. கடுகு மாதிரி கருப்பு விதைகளைப் பிளாஸ்திரியில் வைத்து என் காது மடலில் அங்கங்கே ஒட்டிவிட்டு, ஞாபகம் வரும்போதெல்லாம் அழுத்துங்கள் என்றாள் லான். எனக்கு ஞாபகம் தேநீர்க் கடையில் மாஜாங் கட்டை ஆட்டம் ஆடும்போதுதான் வரும். கட்டையை எடுப்பேன், மேல் மடலை அழுத்துவேன், கட்டையைப் போடுவேன், கீழ் மடலை அழுத்துவேன். அன்றைக்கென்று எனக்குக் கட்டை நன்றாக வந்து தொலைத்தது. எதிரில் உட்கார்ந்திருந்த பாங் தன் கட்டைகளைக் குப்புறப் போட்டுவிட்டு எழுந்து நின்றாள். நான் காதைத் தொட்டுத் தொட்டு என் வலப்பக்கத்து ஆட்டக்காரிக்குச் சைகை காட்டுகிறேனாம், மேலே தொட்டால் மூங்கில் கட்டையாம், கீழே தொட்டால் வட்டக் கட்டையாம். தேநீர்க் கடையே என்னைத் திரும்பிப் பார்த்தது. தரையில் விழுந்த கட்டையைக் காலால் நகர்த்தி எடுத்து ஒரு புத்தாண்டு ஆட்டத்தில் வென்றவள் பாங், அவள் என்னைச் சொல்கிறாள். நான் பிளாஸ்திரியைப் பிய்த்துக் காட்டினேன். விதை உருண்டு அவள் தேநீர்க் கிண்ணத்தில் விழுந்தது. அதோடு விதை ஒட்டியிருக்கும் வரை ஆட்டத்துக்கு வரக்கூடாது என்று என்னைத் தள்ளிவைத்தார்கள். அன்று சாயங்காலம் வெள்ளத்து ஆறு இரண்டு கரையும் புரண்டு என் காதில் ஓடியது.

மறுநாள் லானின் வைத்திய சாலையில் ஊசி குத்தி வைக்கிற அறைக்குப் போனால் பக்கத்துக் கட்டிலில் பாங். எனக்கு ஏற்கெனவே காதைச் சுற்றி, புறங்கையில், பாதத்தில் என்று எல்லா இடத்திலும் ஊசி செருகியாயிற்று. அவளுக்கும் அப்படியே, அவளுக்கு நெற்றியிலும் ஒன்று. இரண்டு முள்ளம்பன்றிகள் படுத்திருக்கிற மாதிரி படுத்திருக்கிறோம். எழுந்து போக முடியாது, முகத்தைத் திருப்பக்கூட முடியாது. என்ன வியாதிக்கு வந்தாய் என்று கூரையைப் பார்த்துக் கேட்டேன். காது இரைகிறது என்று அவளும் கூரையைப் பார்த்துச் சொன்னாள். எனக்கு உள்ளுக்குள் என்ன ஒரு குளிர்ச்சி. சக்கை வேலை செய்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். உனக்குத்தான் தெரியுமே, நான் இருக்க மாட்டேன்.

“வரும்டி, வரும். என் சக்கைய தினம் தினம் மிதிச்சா வராம என்ன பண்ணும்?”

 அவள் கட்டில் குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தால் சிரிக்கிறாள்.

“அடி பிஜென், எனக்குப் போன வருஷத்துலேர்ந்து இரையுது. நான் என் சக்கைய உன் வாசல்ல கொட்டிட்டிருந்தேன். நீ துப்புரவுக்காரன திட்டிட்டே கூட்டுவியே, நான் ஜன்னல்ல நின்னு பாத்துட்டுதான் இருந்தேன்.”

எனக்கு எழுந்திருக்கக் கை துடித்தது. எனக்கு வியாதி கொடுத்ததே இவள்தான், அதை நான் அவளுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன், அவள் மறுபடி எனக்கு, நான் மறுபடி அவளுக்கு, இப்படி ஒரு காது இரைச்சல் சந்தின் குறுக்கே பந்து போல மாதக்கணக்கில் போய்வந்துகொண்டிருந்திருக்கிறது. சத்தம் கேட்டு லான் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்தாள். எங்கள் ஊசியெல்லாம் காற்றில் நாணல் ஆடுகிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தன.

“ரெண்டு பேரும் அசையாம படுங்க. சக்கைய மிதிச்சு வியாதி போறதா இருந்தா, நான் எதுக்கு இங்க ஊசி வெச்சுட்டு உக்காந்திருக்கேன்? வாசல் வாசலா சட்டியத் தூக்கிட்டுப் போயிருப்பேனே.”

அவள் இரண்டு பேர் நாடியையும் பிடித்துப் பார்த்துவிட்டு, ஊசி எடுக்க இன்னும் நேரம் இருக்கிறது, அதுவரை ஒருவரையொருவர் திட்டாமல் எதையாவது பேசுங்கள் என்று போய்விட்டாள். என்ன பேசுவது? ஆலையில் கொதிதண்ணீரில் பட்டுக்கூட்டைப் போட்டு நூல் எடுத்தபோது விரல் வெந்ததைப் பற்றிப் பேசினோம். யார் யார் போய்விட்டார்கள் என்று பேசினோம். அவளும் தூக்கம் வராமல் படுத்திருப்பாளாம், என் வீட்டு விளக்கு எரிவதைப் பார்த்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்குமாம். அந்தக் கரும்பலகை விஷயத்தைக் கேட்டேன். என் முதுகு அப்படித்தான்டி, அதை எங்கே கழற்றி வைப்பேன் என்றாள்.  ஊசியை எடுத்ததும் இரண்டு பேரும் ஒரே குடையில் வீட்டுக்கு வந்தோம். குடை என்னுடையது.

இப்படி ஒரு பகை போயிற்று, காதும் முக்கால்வாசி அடங்கிற்று. யோங்தாவிடம் சொன்னேன். நம்பவில்லை. ஒத்திகை போல ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்டூவுக்கு அழைத்துக்கொண்டு போனான். போ, அந்த வீட்டைப் பற்றி என்ன சொல்ல. ஜன்னலுக்கு இரண்டு கண்ணாடி, ஒரு சத்தம் உள்ளே வராது. மருமகள் பஞ்சு மாதிரி செருப்புப் போட்டு நடக்கிறாள். சோறு வெந்தால் குக்கர் கூப்பிடாது, ஒரு விளக்கு மட்டும் பச்சையாக எரியும். ஆளுக்கொரு பொத்தானைக் காதில் செருகிக்கொண்டு யாரும் யாரோடும் பேசுவதில்லை. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தேன், அவ்வளவுதான், நம் ஊர் மலையில் உள்ள சிள்வண்டெல்லாம் லிஃப்டில் ஏறி என் காதுக்கு வந்துவிட்டன. எழுந்துபோய் சமையலறைச் சிம்னியைப் போட்டேன். ஹோ என்று இரைந்தது, காது அடங்கிவிட்டது. மருமகள் வந்து அணைத்தாள். நான் போட்டேன். அணைத்தாள். போட்டேன். பிறகு யோங்தாவ் வந்து பார்த்தபோது நான் சிம்னிக்கு நேர் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்த்து வாயை அசைத்தான். சிம்னிச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, அடுத்த விதையைக் கொறித்தேன்.

ஊருக்கு வந்து லானிடம் இதைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அமைதிதான் இந்தக் காதுக்கு ஆகாது, பக்கத்தில் ஏதாவது மெல்லிய சத்தம் இருந்துகொண்டே இருக்க வேண்டும், உங்களுக்கு மாஜாங் கட்டை உருளுகிற சத்தமும், தேநீர்க் கடையும், காய்கறிக்காரர் கூவுவதும்தான் மருந்து, இதை உங்கள் மகனிடம் நானே சொல்கிறேன் என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த கையில் அவள் நாடி பார்த்துவிட்டாள். முகம் மாறியது.

“பாட்டி, நாடி இன்னும் வில்லு நாண் மாதிரி வெறைச்சு நிக்குது. இது பாங் பாட்டி மேல உள்ள கோபம் இல்ல. இது ரொம்பப் பழசு. யாரு அது?”

உன் பேரைச் சொன்னேன். ஜாடியைச் சொன்னேன். எண்ணெய்க் கிண்ணத்தையும் சொன்னேன். சொல்லும்போதே அவள் விரலுக்கடியில் நாடி குதித்தது எனக்கே தெரிந்தது. இந்த நாடியை வைத்துக்கொண்டு அம்மா தனியாக இருக்கலாம் என்று மகனிடம் எப்படிச் சொல்வேன், ஈரல் இப்படிக் கொதித்தால் காது எப்படி அடங்கும் என்றாள். தங்கைக்கு மன்னித்துவிட்டேன் என்று கடிதம் எழுதுங்கள், போனில் வேண்டாம், கையால் எழுதுங்கள், ஒவ்வொரு கோடாக இழுத்து எழுதி முடிப்பதற்குள் கோபம் ஆறிவிடும் என்றாள். ஜாடியைத் திருப்பிக் கொடுத்தால் மன்னிக்கிறேன் என்று எழுதலாமா என்று கேட்டேன். நிபந்தனை போட்டு மன்னித்தால் நாடி கண்டுபிடித்துவிடும் என்றாள். எழுதினால் நாடி தளரும், நாடி தளர்ந்தால் அவள் மகனிடம் பேசுவாள், அவள் பேசினால் நான் என் வீட்டில் இருப்பேன். இல்லாவிட்டால் சிம்னிக்கு அடியில்தான் என் கடைசிக் காலம்.

ஆகவே தங்கச்சி, நான் என் வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காக உன்னை முழு மனதோடு மன்னிக்கிறேன். ஜாடியும் தண்ணீரும் உனக்கே. அதில் போடுகிற முள்ளங்கி உனக்கு நொறுங்கட்டும். கிண்ணத்தில் எண்ணெய் இருந்தது என்ற பேச்சை நான் இனி எடுக்க மாட்டேன், ஆனால் இருந்தது. உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்புகள். பேரன் பரீட்சையில் தேறட்டும். நிலா முழுதாக வருகிற அன்று நீங்கள் எல்லாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், உன் மூட்டு படியேற வேண்டும், அம்மா வயதைத் தாண்டி நீ இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் அக்கா,
பிஜென்.

பின்குறிப்பு: உறையை ஒட்டித் தபாலில் போடாமல் லானிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நாடி பார்த்தாள், நூல் மாதிரி தளர்ந்து கிடக்கிறது, நல்லது என்றாள். அங்கேயே யோங்தாவுக்கு போன் போட்டுப் பேசினாள். அவன் கெட்டிலை மாற்றி, தானாக அணைகிற மின்சாரக் கெட்டில் வாங்கி வைக்கிறேன், அம்மா அங்கேயே இருக்கட்டும் என்றான். பாங் தினமும் காலையில் என்னை எட்டிப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டாள். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். சந்தில் கரண்டு இல்லை, ரேடியோ இல்லை, தேநீர்க் கடை அடைப்பு, ஊரே விழாவுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தது. பாங்கைத் திட்டலாம் என்றால் அவளோடு இப்போது சமாதானம், போதாததற்கு நிலா அப்பம் வேறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மகனைத் திட்டலாம் என்றால் அவன் நான் கேட்டதைக் கொடுத்துவிட்டான். மனசு துடைத்து வைத்த மேஜை மாதிரி காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்தில் கெட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. மண்டையைத் தட்டினேன், விதையை அழுத்தினேன், பூத் தண்ணீர் குடித்தேன், ஒன்றுக்கும் அசையவில்லை. எழுத்துப் பிழை பார்க்கலாம் என்று உறையைப் பிரித்து இந்தக் கடிதத்தை எடுத்து வாசித்தேன். போர்வையில் சுற்றிப் படகேறினாய் என்ற வரி வந்தது. எண்ணெய்க் கிண்ணம் வந்தது. அவ்வளவுதான், முள்ளங்கி கழுவிக்கொண்டே உன்னைத் திட்ட ஆரம்பித்தேன், உன்னை, நீ வாங்கித் தராத ரிப்பனை, என் கல்யாணத்துக்கு நீ நேரம் கழித்து வந்ததை, நான் பின்னிய ஸ்வெட்டரை நீ பிரித்துக் கையுறை பண்ணியதை. திட்டி முடித்துத் தலை நிமிர்ந்தால் சந்தில் விளக்கு எரிகிறது, மத்தியானத்திலிருந்து அதுவரை காதில் ஒரு சத்தமும் நான் கேட்கவில்லை.

ஆகவே மேலே எழுதிய மன்னிப்பெல்லாம் நாடிக்காக எழுதியது, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். லானிடம் சொல்லிவிடாதே. கோபத்தை இனி அளவாக, சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் வைத்துக்கொள்வேன். ஆனால் தனியாகத் திட்டினால் தொண்டை வறள்கிறது, நடுநடுவே பதில் சொல்ல ஆள் வேண்டும். விழா முடிந்ததும் கிளம்பி வா. ஜாடியை மட்டும் கொண்டு வந்துவிடாதே, அது வந்துவிட்டால் நான் எதை வைத்துச் சண்டை போடுவேன்? வந்தால் கதவைத் தட்டாதே, எனக்குக் கேட்காது. சந்து முனையிலிருந்தே என்னைத் திட்டிக்கொண்டு வா.